அம்மா தூங்கணும்... வா பாப்பா, வெளிய போலாம்!

காலை எட்டே முக்கால் மணி. லண்டனின் கிழக்கே ஈஸ்ட் ஹாம். கீழே கடை, மேலே ஒற்றைப் படுக்கையறை வீடு. இரவுப் பணி முடிந்து மருத்துவமனையிலிருந்து அம்மா வந்துவிட்டார். பன்னிரண்டு மணி நேரம் வார்டில் நின்ற கால்கள். ஷூவைக் கழற்றக்கூட விடாமல் இரண்டு வயது மகள் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். ஐந்து நிமிடம் கொஞ்சல். அதற்கு மேல் நேரமில்லை. அன்று இரவு மறுபடியும் பணி.

"பாப்பா, அம்மா தூங்கணும்டா. வா, நாம வெளிய போலாம்!"

அப்பா ஏற்கெனவே ஸ்ட்ரோலரை விரித்து வைத்துக் காத்திருக்கிறார்.

வீட்டிலேயே இருந்து விளையாட்டுக் காட்டக் கூடாதா? இந்த வீட்டில் ஒரு ஸ்பூன் விழுந்தாலும் படுக்கையறைக்குக் கேட்கும். கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா இருப்பது தெரிந்தால், எந்த இரண்டு வயதுக் குழந்தை சும்மா இருக்கும்? அதனால் இரவு ஷிஃப்ட் உள்ள நாள்களில் காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் மூன்று வரை அப்பாவும் மகளும் வெளியேதான். மழையானாலும் சரி, குளிரானாலும் சரி.

வெளிநாட்டில் குழந்தையோடு வெளியே போவது என்றதும் நமக்குப் போட்டோக்கள்தான் ஞாபகம் வரும். பளிச்சென்ற ஜாக்கெட், பின்னால் ஒரு பிரபலமான கட்டடம், கையில் ஐஸ்க்ரீம். இந்த வீட்டில் வெளியே போவது, உள்ளே ஒருவர் தூங்குவதற்காக.

வேலையை விட்ட அப்பா

மதுரைப் பக்கத்துக் குடும்பம். மனைவி நர்ஸ். கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் எட்டு வருடம் வேலை பார்த்த மெக்கானிக்கல் இன்ஜினீயர். மனைவிக்கு லண்டனில் வேலை கிடைத்ததும், "நீ போ, நான் கூட வர்றேன்" என்று வேலையை விட்டுவிட்டு வந்தார்.

வந்த பிறகுதான் கணக்குப் புரிந்தது. குழந்தையை நர்சரியில் விட்டால், அவர் சம்பாதிப்பதில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். இங்கிலாந்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாகக் கிடைக்கும் வாரம் 15 மணி நேர இலவச நர்சரி, மூன்று வயது முடிந்து அடுத்த பருவத்தில்தான் தொடங்கும். அதுவரை? மனைவிக்கு ஷிஃப்ட் உள்ள நாள்களில் அவர் வீட்டில். மனைவிக்கு ஓய்வுள்ள நாள்களில் அவருக்கு ஒரு கிடங்கில் வேலை.

ஊரிலிருந்து போன் வரும்போதெல்லாம், "மாப்பிள்ளை, லண்டன் எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். "நல்லா இருக்கு" என்பார். அன்று முழுக்க அவர் பேசிய பெரிய மனிதர்களின் குரல் அந்த ஒன்றாகத்தான் இருந்திருக்கும். மனைவி தூங்குவார், பிறகு பணிக்குக் கிளம்புவார். மகளுக்கோ இருபது முப்பது வார்த்தைகள்தான் தெரியும்.

பிக் பென் பார்த்த சனிக்கிழமை

முதல் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. இருவருக்கும் ஒன்றாக ஓய்வு கிடைத்தது. "லண்டன்ல இருந்துகிட்டு இன்னும் எதையும் பார்க்கலையா?" என்று உறவினர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால், ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினார்கள். பிக் பென், லண்டன் ஐ, பக்கிங்ஹாம் அரண்மனை, இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். பையில் தயிர் சாதம், ஃபிளாஸ்கில் பால்.

பிக் பென் முன்னால் நின்றபோது குழந்தைக்குத் தூக்க நேரம். அழுகை. எடுத்த பன்னிரண்டு போட்டோக்களில் ஒன்றில்கூட அவள் சிரிக்கவில்லை. அரண்மனைக்குப் போனால் காவலர் மாற்றம் இல்லை. அது தினமும் நடப்பதில்லை, அட்டவணை பார்த்துப் போக வேண்டும். நடந்து களைத்து, எதிரே இருந்த செயின்ட் ஜேம்ஸ் பூங்காவுக்குள் நுழைந்தார்கள். அங்கே ஏரியில் வாத்துகள், பெலிகன் பறவைகள். 1664-ல் ரஷ்யத் தூதர் பரிசாகக் கொடுத்ததிலிருந்து அங்கே பெலிகன்கள் இருக்கின்றன. குழந்தை அன்று முதல் முறையாகச் சிரித்தது அங்கேதான். அதுவும் பெலிகனைப் பார்த்து அல்ல, காலடியில் ஓடிவந்த ஓர் அணிலைப் பார்த்து.

"அணி... அணி..!"

அருங்காட்சியகத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவளை அங்கிருந்து தூக்கியபோது மறுபடியும் அழுகை. அடுத்து நுழைந்த ரயில் நிலையத்தில் லிஃப்ட் இல்லை. ஸ்ட்ரோலரை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு படியில் இறங்கும்போதே, "வீட்டுக்கே போயிடலாம்" என்று முடிவெடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மனைவி அழுதுவிட்டார். ஒன்றாகக் கிடைத்த ஒரே ஓய்வு நாள், இப்படிப் போய்விட்டதே என்று.

அன்று இரவு கணவருக்கு ஒன்று மட்டும் ஞாபகம் வந்தது. பாப்பாவுக்கு அன்றைக்குப் பிடித்தது ஓர் அணில். அணில் ஈஸ்ட் ஹாமிலும் இருக்கிறது.

குழந்தைக்கு டிக்கெட் இல்லை

அதன்பிறகு அவர் லண்டனை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினார். தொழிற்சாலையில் மெஷினுக்கு அட்டவணை போட்ட கை, மகளுக்கு அட்டவணை போட்டது.

முதலில் போக்குவரத்து. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு லண்டன் பேருந்திலும் பாதாள ரயிலிலும் கட்டணம் இல்லை. பெரியவருக்கும் பேருந்து மலிவு. ஒரு முறை கட்டணம் செலுத்தினால், ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் மறுபடி கட்ட வேண்டாம். காசு வாங்க மாட்டார்கள், கார்டைத்தான் தொட வேண்டும்.

பாதாள ரயில் நிலையங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குத்தான் படியில்லாமல் பிளாட்ஃபாரம் போகும் வசதி இருக்கிறது. 2022-ல் தொடங்கிய எலிசபெத் ரயில் பாதையில் எல்லா நிலையங்களிலும் உண்டு. டி.எல்.ஆர் ரயிலிலும் அப்படியே. ரயில் வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறி உள்ள நிலையங்களை மட்டும் அவர் பார்த்து வைத்துக்கொண்டார். பேருந்தில் ஸ்ட்ரோலர் நிறுத்தும் இடம் உண்டு. ஆனால், சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் அந்த இடம் அவருக்குத்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்ட்ரோலரை மடக்க வேண்டும். ஒரே கையில் மடக்க அவர் வீட்டிலேயே பழகிக்கொண்டார்.

டி.எல்.ஆர் ரயிலில் இன்னொரு விசேஷம். ஓட்டுநர் அறை கிடையாது. முன் சீட்டில் உட்கார்ந்தால் எதிரே முழுக்கக் கண்ணாடி. தண்டவாளம் நம்மை நோக்கி ஓடிவரும். பாப்பா அங்கே உட்கார்ந்து இரண்டு கைகளாலும் ரயில் ஓட்டுவாள். அந்த ரயிலில் போய் இறங்கினால் மட்ஷூட் பண்ணை. 32 ஏக்கர், அனுமதி இலவசம். ஆடு, கழுதை, பன்றி, கோழி என எல்லாம் உண்டு. பின்னால் கேனரி வார்ஃபின் வங்கிக் கோபுரங்கள், முன்னால் புல் மேயும் ஆடு. தாத்தா வீட்டில் ஆடு இருப்பதை வீடியோ காலில் மட்டுமே பார்த்த குழந்தை, இங்கேதான் ஆட்டின் வாசனையை அறிந்தாள்.

மழை நாளுக்கு பெத்னல் கிரீனில் உள்ள யங் வி அண்ட் ஏ. குழந்தைகளுக்காகவே 2023-ல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட அருங்காட்சியகம். இதுவும் இலவசம். குழந்தைகள் தொட்டு, அடுக்கி, தவழ்ந்து விளையாட இடம் உண்டு. ஈஸ்ட் ஹாமிலிருந்து வைட்சேப்பல் வரை ரயில், அங்கே லிஃப்டில் ஏறி வெளியே வந்து ஒரு பேருந்து. பிரிட்டனின் தேசிய அருங்காட்சியகங்களில் நிரந்தரக் காட்சிகளுக்கு 2001-லிருந்து கட்டணம் இல்லை என்பதால், ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தாலும் காசு போச்சே என்ற கவலை இல்லை. பெரிய ஊரைச் சிறு துண்டுகளாகப் பார்க்கலாம் என்பது அவருக்கு அப்போதுதான் பிடிபட்டது.

செவ்வாய்க்கிழமைப் பாட்டு

இவ்வளவும் பாப்பாவுக்கு. அவருக்கு?

பக்கத்து நூலகத்தில் செவ்வாய்க்கிழமை காலையில் குழந்தைகள் பாட்டு நேரம். முன்பதிவு இல்லை, கட்டணமும் இல்லை. முதல் நாள் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வட்டமாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பெண்கள். பேருந்துச் சக்கரம் சுற்றும் பாட்டுக்கு எல்லோரும் கையைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தைந்து வயதில், தெரியாத பெண்களுக்கு நடுவே, கையைச் சுற்றிக்கொண்டு பாடுவதா? திரும்பிவிட நினைத்தார். பாப்பா ஸ்ட்ரோலரிலிருந்து இறங்கி உள்ளே ஓடிவிட்டாள்.

வேறு வழியில்லை. போய் உட்கார்ந்தார். கையைச் சுற்றினார்.

அடுத்த செவ்வாயும் போனார். அதற்கடுத்ததும். மூன்றாவது வாரம் ஒரு வங்கதேசத்துப் பாட்டி தன் பேரனுக்குக் கொடுத்த பிஸ்கட்டில் ஒன்றை பாப்பாவுக்கும் நீட்டினார். ஐந்தாவது வாரம் ஒரு போலந்து நாட்டுத் தாய், "போன வாரம் உங்களைக் காணோமே, குழந்தைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

அன்று மனைவி தூங்கி எழுந்ததும் அவர் சொன்ன முதல் செய்தி அதுதான். "நாம வரலைன்னு ஒருத்தங்க கேட்டாங்க!"

ஊரில் இது ஒரு செய்தியே இல்லை. இரண்டு நாள் கடைப்பக்கம் போகாவிட்டால் பால்காரர் கேட்பார், கோயில் வாசலில் பூக்காரம்மா கேட்பார். இங்கே அந்த ஒரு கேள்வி கிடைக்க ஐந்து வாரம் ஒரே இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. தினம் ஒரு புது இடமாகச் சுற்றியிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

அவருக்கு இருந்த இன்னொரு பயமும் அங்கேதான் குறைந்தது. பாப்பா இன்னும் சரியாகப் பேசவில்லை, வீட்டில் தமிழ் பேசுவதால்தானோ என்று. குழந்தைகள் நலனுக்கான ஹெல்த் விசிட்டரிடம் கேட்டபோது, வீட்டு மொழியில் நிறையப் பேசச் சொன்னார். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை என்பதுதான் பேச்சுப் பயிற்சியாளர்களின் கருத்தும். அதிலிருந்து பேருந்தில் சத்தமாகவே தமிழ் பேசினார். "அங்க பாரு, சிவப்பு பஸ். இங்க பாரு, நாய்க்குட்டி."

மூன்று முதல் ஐந்து வரை

போலந்துத் தாய் தன் மகனின் பிறந்தநாளுக்கு அழைத்தார். அழைப்பில் 'மூன்று முதல் ஐந்து வரை' என்று இருந்தது. நம் ஊர்ப் பழக்கத்தில் இவர்கள் நாலேகாலுக்குப் போனார்கள். கேக் வெட்டி முடிந்திருந்தது. ஐந்து மணிக்குக் குழந்தைகள் ஆளுக்கொரு பையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பைக்குள் டிஷ்யூவில் சுற்றிய கேக் துண்டு. மனைவிக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால், அந்த வீட்டுக்காரர் இவர்களை மட்டும் உட்காரச் சொல்லி டீ போட்டார்.

அங்கே கற்றுக்கொண்டவை இன்னும் சில. வருகிறோமா இல்லையா என்று முன்பே பதில் சொல்லிவிட வேண்டும். அழைக்காத குழந்தையைக் கேட்காமல் கூட்டிப்போகக் கூடாது. கையில் கடலை மிட்டாய் கொண்டுபோவதற்கு முன் ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று கேட்க வேண்டும். பல நர்சரிகளில் வேர்க்கடலைக்கு அனுமதியே இல்லை. விளையாடும் மற்றக் குழந்தைகளை போட்டோ எடுப்பதற்கு முன் பெற்றோரைக் கேட்க வேண்டும். திரும்பும்போது ஒரு நண்பர் காரில் விடுகிறேன் என்றால், மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது. குழந்தைக்கு 12 வயது அல்லது 135 செ.மீ உயரம் வரும்வரை அதற்கேற்ற கார் சீட் வேண்டும் என்பது சட்டம்.

இரண்டு மாதம் கழித்து பாப்பாவின் பிறந்தநாள் வந்தது. இவர்களும் 'மூன்று முதல் ஐந்து வரை' என்றே அழைத்தார்கள். இட்லி, கேசரி, காரமில்லாத உருளைக்கிழங்கு பொரியல். ஐந்து மணிக்குத் தமிழ் நண்பர்கள் வரத் தொடங்க, மற்றவர்கள் கிளம்பத் தொடங்கினார்கள். படிக்கட்டில் இரண்டு கூட்டமும் சந்தித்துக்கொண்டது.

திரைக்குள் இருந்த அம்மாச்சி

ஜூன் மாதம் அம்மாச்சியும் தாத்தாவும் வந்தார்கள். விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வரை தங்கலாம். மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் விருந்தினர்களுக்குச் செலவு அதிகம் என்பதால், பயணக் காப்பீடு எடுத்த பிறகே டிக்கெட் போட்டார்கள். லண்டன்வாசிகளுக்கான மூத்தோர் இலவசப் பயண அட்டை இவர்களுக்குக் கிடைக்காது என்று தெரிந்துகொண்டு, ஆளுக்கொரு ஆய்ஸ்டர் கார்டும் தயாராக இருந்தது.

எல்லாம் தயார். பாப்பா மட்டும் தயாராக இல்லை.

தினமும் போனில் முத்தம் கொடுத்த அம்மாச்சி, விமான நிலையத்தில் முழு உருவமாக வந்து நின்றதும் அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மூன்று நாளாகியும் கிட்டே போகவில்லை. அம்மாச்சி கை நீட்டினால் அழுகை. மேஜையில் இருந்த போனைக் காட்டி, "அம்மாச்சி அங்க" என்றாள்.

அம்மாச்சி சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இரவு மகளிடம் தனியே, "எம் பேத்திக்கு நான் யாரோவா போயிட்டேனே" என்றார்.

அம்மாச்சிக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. மாப்பிள்ளை டயபர் மாற்றுகிறார், ஸ்ட்ரோலர் தள்ளுகிறார். "ஆபீசரா இருந்தவரு. எனக்குப் பார்க்கவே சங்கடமா இருக்குடி."

நான்காம் நாள் காலை. மகள் இரவுப் பணி முடிந்து வந்து படுத்துவிட்டார். எல்லோரும் வெளியே போயாக வேண்டும். "அத்தை, இன்னைக்கு லண்டன் பிரிட்ஜ் போவோமா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"வேண்டாங்க மாப்பிள்ளை. நீங்களும் பாப்பாவும் தினமும் எங்க போவீங்களோ அங்கயே வர்றோம்" என்றார் அம்மாச்சி.

கோடு இல்லாத அணில்

வழியில் கடைக்காரர் ஒருவர் பாப்பாவுக்குக் கை காட்டினார். நூலகத்து ஊழியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஈஸ்ட் ஹாம் சென்ட்ரல் பார்க்கில் போலந்துத் தாய் எழுந்து வந்து கை குலுக்கினார். வங்கதேசத்துப் பாட்டி பெஞ்சில் நகர்ந்து அம்மாச்சிக்கு இடம் கொடுத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அந்தப் பாட்டி பையைத் திறந்து ஒரு சிறு டப்பாவை எடுத்தார். உள்ளே வெற்றிலை, பாக்கு. அம்மாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. லண்டனில் வெற்றிலை கிடைக்காது என்று நான்கு நாளாக வாயைக் கட்டி வைத்திருந்தவர் அவர்.

வெற்றிலையை மடித்துக்கொண்டே மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏங்க மாப்பிள்ளை, இந்த ஊர்ல உங்களுக்கு இம்புட்டுப் பேரைத் தெரியுமா?"

அவர் பதில் சொல்லவில்லை. ஸ்ட்ரோலரின் பிரேக்கைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

அதற்குள் பாப்பா புல்லில் எதையோ பார்த்துவிட்டாள். இது அவள் இடம். இங்கே எங்கே என்ன இருக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும், வந்தவர்களுக்குத் தெரியாது. ஓடிவந்து, யார் கை என்று பார்க்காமல் கைக்கு எட்டிய விரலைப் பிடித்து இழுத்தாள். அது அம்மாச்சியின் விரல்.

"வா! அணில்!"

இரண்டு பேரும் மரத்தடியில் குனிந்து நின்றார்கள். சாம்பல் நிறத்தில், நம் ஊர் அணிலைப்போல் பல மடங்கு பெரியதாக ஒன்று எதையோ கொறித்துக்கொண்டிருந்தது. இந்தச் சாம்பல் அணில்களும் இந்த ஊரைச் சேர்ந்தவை அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை.

அம்மாச்சி அதன் முதுகைத்தான் பார்த்தார்.

"என்னடி இது, முதுகுல கோட்டையே காணோம்?"

"கோடு?" என்றாள் பாப்பா.

"ஆமா. நம்ம ஊரு அணிலுக்கு மூணு கோடு இருக்கும். ராமர் பாலம் கட்டுறப்ப, குட்டி அணில் மண்ணைச் சுமந்துச்சா... ராமர் அதைத் தூக்கி, இப்படித் தடவிக் குடுத்தாரு." பேத்தியின் முதுகில் மூன்று விரல்களால் மெதுவாகத் தடவினார்.

பாப்பா அழவில்லை. அசையாமல் நின்றாள். பிறகு தன் ஜாக்கெட்டைத் தானே தூக்கிவிட்டுத் திரும்பி நின்றாள்.

"இன்னொரு வாட்டி."

மணி பதினொன்று. அம்மா எழுந்திருக்க இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.